ஈரோட்டுப் பேராசிரியரும் பதினைந்து ரூபாய்ப் புத்தகமும்

கசார்வாடியில் காலை நேரத்தில் ஸ்டேஷனுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் விரையும் கூட்டத்தில் நம்மவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. பிம்ப்ரி, சிஞ்ச்வட் தொழிற்சாலைகளுக்கு டிபன் டப்பாவுடன் போகிறவர்கள் ஒரு பக்கம். ஹிஞ்ஜவாடி கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குத் தோளில் பையுடன் போகும் வாலிபர்கள் இன்னொரு பக்கம்.

சில நாட்களுக்கு முன், பிம்ப்ரியில் வேலை பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் அந்த வாலிபர்களைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, நம்ம பையன் ஊர்ல பி.எஸ்சி. கணக்கு முடிச்சிட்டான். இன்ஜினீயரிங் சேர்க்க நமக்கு வசதி பத்தலை. இந்தப் பிள்ளைங்க போற வேலைக்கு அவன் போக வழி உண்டா?"

"உண்டு, அண்ணாச்சி. அந்த வழியைப் போட்டவரே நம்ம ஈரோட்டுக்காரர்தான்" என்றேன். அவர் நம்பவில்லை.

நான் சொன்னது பேராசிரியர் வைத்தீஸ்வரன் ராஜாராமனை. 2025 நவம்பரில் பெங்களூரில் தமது 92-வது வயதில் காலமானார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியும் ஒருவர். சிஷ்யர் பெயரைத் தெரிந்த அளவுக்குக் குருவின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

வெளிமாநிலத்தில் வளர்ந்த பிள்ளை

1933 செப்டம்பர் 8-ம் தேதி ஈரோட்டில் பிறந்தவர் ராஜாராமன். பள்ளிப் படிப்பு டில்லியில். அங்கே தமிழர்கள் உள்ளிட்ட தென்னிந்தியர்களின் பிள்ளைகளுக்காக நடந்த மதராசி பள்ளியில்தான் படித்தார். ஊரை விட்டு வந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு இது புதிய கதையல்ல.

டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பௌதிகம் முடித்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே 1950-களின் நடுவில், கணக்குப் போடும் மின்னணு யந்திரம் ஒன்றை அமைக்கும் வேலையில் மாணவராகப் பங்கெடுத்தார். பிறகு அரசாங்க உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா போனார். எம்.ஐ.டி.யில் முதுகலை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961-ல் டாக்டர் பட்டம். அங்கேயே தங்கிவிடாமல், கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

இரவும் பகலும் ஒரு யந்திரம்

1963-ல் கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்தது. அட்டைகளில் துளை போட்டு, அந்த அட்டைகளை யந்திரத்துக்குக் கொடுத்துக் கணக்குப் போட வேண்டிய காலம் அது. விலை உயர்ந்த சாமான் என்று பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதுதான் நம் ஆபீசுகளின் வழக்கம். கான்பூரில் அப்படிச் செய்யவில்லை. மாணவர்கள் தாங்களே யந்திரத்தைத் தொட்டு வேலை செய்ய விட்டார்கள். மையம் இரவும் பகலும் நடந்தது. வெளியூர் விஞ்ஞானிகளுக்கும் இன்ஜினீயர்களுக்கும் பத்து நாள் வகுப்புகள் நடந்தன. 1965-ல் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் எம்.டெக். படிப்பும் அங்கே தொடங்கியது. இத்தனையிலும் ராஜாராமனுக்குப் பங்கு உண்டு. பின்னர் அந்த மையத்தின் தலைவராகவும் இருந்தார்.

வகுப்பு, மையம், ஆராய்ச்சி மாணவர்கள் என்று ஓய்வில்லாத வாழ்க்கை. அதற்கு நடுவே அவர் விடாத பழக்கம் ஒன்று இருந்தது. பாடம் நடத்துவதைப் புத்தகமாக எழுதிவிடுவார். அன்று கம்ப்யூட்டர் புத்தகம் என்றால் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். மாணவன் கைக்கு எட்டாத விலை. 1969-ல் வெளியான இவருடைய புரோகிராமிங் புத்தகத்தின் விலை பதினைந்து ரூபாய். அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பாடப் புத்தகங்கள். துணைவியார் தர்மாவுடன் சேர்ந்து, புதிதாகக் கற்பவர்களுக்காகவும் ஒரு நூல் எழுதினார்.

குமாஸ்தா வீட்டுக்குத் திறந்த கதவு

கம்ப்யூட்டர் வந்தால் குமாஸ்தா வேலை போய்விடும் என்ற பயம் அந்த நாளில் எங்கும் இருந்தது. 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். ஆனால் வரும் யந்திரங்களுக்கு ஆள் வேண்டுமே! இன்ஜினீயரிங் கல்லூரிகள் மட்டும் அத்தனை பேரைத் தயார் செய்ய முடியாது.

1980-களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்த மத்திய அரசுக் குழுவுக்குத் தலைவர் ராஜாராமன். அந்தக் குழு சொன்ன யோசனையில் பிறந்ததுதான் எம்.சி.ஏ. படிப்பு. சாதாரணப் பட்டதாரியும், கணக்கு தெரிந்திருந்தால், கம்ப்யூட்டர் துறைக்கு வரலாம். இன்ஜினீயரிங் இடம் கிடைக்காத, கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய கதவு!

உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த என். சந்திரசேகரன் 1986-ல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எம்.சி.ஏ. முடித்தார். மறு வருஷம் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தார். 2017-ல் டாடா குழுமத்தின் தலைவரானார். "நம்ம பிம்ப்ரி டாடா மோட்டார்ஸும் அந்தக் குழுமம்தானே!" என்றார் அண்ணாச்சி.

புனேயில் அவர் அடையாளம்

1982-ல் ராஜாராமன் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்குத் திரும்பினார். 1987-ல் அவர் தலைமையிலான இன்னொரு குழு ஒரு யோசனை சொன்னது: பல சிறு கம்ப்யூட்டர்களை இணைத்து, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைத்தால், பெரிய யந்திரத்தின் வேகத்தை நாமே உண்டாக்கலாம். அதன் பலனாக 1988-ல் புனேயில் 'சி-டாக்' நிறுவனம் பிறந்தது. கணேஷ்கிண்ட் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கியது. விஜய் பட்கர் தலைமையில் அங்கே உருவான 'பரம் 8000' சூப்பர் கம்ப்யூட்டர் 1991-ல் வெளிவந்தது. கசார்வாடியிலிருந்து அந்த வளாகம் அதிக தூரமில்லை.

1976-ல் பட்நாகர் பரிசும் 1998-ல் பத்ம பூஷணும் அவரைத் தேடி வந்தன. ஓய்வு பெற்ற பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. எண்பது வயதைத் தாண்டியும், புதிதாக எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் முதலில் தாம் கற்றுக்கொண்டு, 'ரெசனன்ஸ்' பத்திரிகையில் கல்லூரி மாணவர்களுக்குப் புரியும்படி விளக்கி வந்தார்.

அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு வருவோம். முன்பு மூன்று வருஷமாக இருந்த எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருஷம். மகாராஷ்டிரக் கல்லூரிகளுக்கு மாநில சி.இ.டி. தேர்வு, திருச்சி போன்ற என்.ஐ.டி.க்களுக்கு 'நிம்செட்' தேர்வு. சி-டாக் நடத்தும் டிப்ளமா வகுப்புகளுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பட்டம் வாங்கியவுடன் வேலை வீட்டு வாசலில் வந்து நிற்காது. புரோகிராம் எழுதிப் பழகியவனுக்கே மதிப்பு. பேராசிரியர் தம் மாணவர்களை யந்திரத்தில் நேராகக் கை வைக்கச் சொன்னதும் அதற்காகத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியும் நானும் அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளுக்குப் போவதாக இருக்கிறோம். ராஜாராமன் எழுதிய புத்தகம் ஒன்றை வாங்கிப் பையனுக்கு ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். இன்று பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்காது. "பரவாயில்ல தம்பி, ஒரு நாள் ஓவர்டைம் பார்த்தாப் போச்சு" என்கிறார் அவர்.