‘பாஸ் அவுட்’ என்றால் தேர்ச்சியா, மயக்கமா?

நர்சிங் முடித்த நம் பிள்ளைகள் இப்போது வளைகுடாவோடு நிற்பதில்லை. இங்கிலாந்து, அயர்லாந்து என்று முயல்கிறார்கள். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். இங்கிலாந்தின் செவிலியர் கவுன்சில் முதல் தேர்வில் 7 கேட்கிறது; எழுத்துப் பகுதிக்கு மட்டும் 6.5 போதும். இரண்டாவதில் ‘பி’, எழுத்துக்கு ‘சி பிளஸ்’. ஒருமுறை எழுதவே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதனால்தான் இதைப் பெற்றோரும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

“கிராமர் வருகிறது, ஆனால் அவர்கள் பேசினால் புரியவில்லை” என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறோம். காரணம், ‘ப்ரேசல் வெர்ப்’ எனப்படும் கூட்டு வினைகள். சாதாரண வினைச்சொல்லோடு ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டால் பொருளே மாறிவிடும். நமக்கு இது புதிதல்ல. கைகொடுத்தார் என்றால் உதவினார், கைநீட்டினார் என்றால் அடித்தார், கைகழுவினார் என்றால் பொறுப்பை விட்டார். நம் ஊர்ப் பாட்டி “வயித்தால போகுது” என்று சொன்னால் வெளிநாட்டு நர்ஸ் திகைத்துத்தான் போவார். அங்கே நம் பிள்ளைக்கும் அதே நிலைதான்.

அங்குள்ள நோயாளி வாந்தியை ‘த்ரோ அப்’ என்பார். மருந்தின் வேகம் குறைந்தால் ‘வேர் ஆஃப்’. அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்பினால் ‘ஃபிளேர் அப்’. இறந்துவிட்டார் என்பதை ‘பாஸ் அவே’ என்று மென்மையாகச் சொல்வார்கள். ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. நாமோ கல்லூரிப் படிப்பை முடித்ததற்கு ‘பாஸ்டு அவுட்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்! “2021-ல் பாஸ்டு அவுட்” என்றால் கேட்கும் ஆங்கிலேயர் உடம்புக்கு என்ன என்று யோசிப்பார். ‘கிராஜுவேட்டட்’ என்பதே சரி.

ஓ.இ.டி.யின் கேட்டல் பகுதியில் நோயாளியின் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். பேச்சுப் பகுதியில் நோயாளியாக நடிப்பவரோடு பேச வேண்டும். இரண்டிலும் இந்தச் சொற்கள் வரும். ஆனால் எழுத்துப் பகுதி பெரும்பாலும் இன்னொரு மருத்துவ ஊழியருக்கு எழுதும் கடிதம். அதில் ‘த்ரோ அப்’ எழுதினால் பொருந்தாது, ‘வாமிட்டிங்’ என்றே எழுத வேண்டும். நன்றாகப் பேசுகிற பிள்ளைகளும் இந்த இடத்தில் மதிப்பெண் இழக்கக்கூடும்.

மரபுத்தொடர்கள் வேறு கதை. ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வில் 7 எடுக்க, அவ்வளவாகப் புழங்காத சொற்களும் மரபுத்தொடர்களும் ஓரளவு வர வேண்டும் என்பது உண்மை. அதற்காக ஐந்நூறு தொடர்களை மனப்பாடம் செய்வது வீண் என்றே நினைக்கிறோம். பலத்த மழைக்கு ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பதெல்லாம் பழைய பாடப்புத்தகச் சரக்கு. பொருந்தாத இடத்தில் திணித்தால், மனப்பாடம் என்று தேர்வாளருக்குத் தெரிந்துவிடும். இயல்பாக வருகிற நாலைந்து போதும்.

பி.பி.சி.யின் ‘தி இங்கிலீஷ் வீ ஸ்பீக்’ நிகழ்ச்சியை இலவசமாகக் கேட்கலாம். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான், ஒரு தொடரை மட்டும் எடுத்து விளக்குவார்கள். ஓ.இ.டி. இணையதளத்தில் மாதிரித் தேர்வுகளும் இலவசம்.

வீட்டிலும் ஒரு பயிற்சி செய்யலாம். மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் அம்மாவோ நன்னியோ நோயாளியாக உட்காரட்டும். “கிறுகிறுன்னு வருது, நேத்து ரெண்டு தடவை வாந்தி” என்று நம் பேச்சிலேயே சொல்லட்டும். பிள்ளை அதை முதலில் அங்குள்ள நோயாளி சொல்வதுபோலவும், பிறகு டாக்டருக்குக் கடிதம் எழுதுவதுபோலவும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.