எரிவாயு பிக்கப்பும் வன்னியின் இழுவைப் பாரமும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதை அடுத்து, பழைய வாகனத்தைக் கழித்துப் புதியதொன்றை வாங்குவது பற்றிய பேச்சு வன்னிப் பெருநிலப்பரப்பிலும் எழுந்துள்ளது. அயல்நாடான இந்தியாவில் இயற்கை எரிவாயுவில் ஓடும் சிறு பாரவாகனங்கள் பெருகிவிட்டன. எரிவாயு, பெற்றோல் ஆகிய இரண்டிலும் ஓடக்கூடியதும் ஒரு தொன் வரை ஏற்றக்கூடியதுமான 'இன்ட்ரா வி20' பிக்கப்பை டாடா நிறுவனம் 2022இல் அங்கு அறிமுகப்படுத்தியது. எரிபொருட் செலவு குறையும் என்ற செய்தி டீசல் விலையால் நொந்துபோன எவரது காதுக்கும் இனிமையானதே. ஆயினும் எமது மண்ணில் அவ்வாகனம் எதனை இழுக்கும், எதனை இழுக்காது என்பதை நிதானமாக ஆராய்ந்து பார்க்கவேண்டியுள்ளது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். எமது வீடுகளில் அடுப்பெரிக்கும் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ எரிவாயு. இலங்கையில் முச்சக்கரவண்டிகளும் கார்களும் சில காலம் எரிவாயுவில் ஓடியபோது பயன்பட்டதும் அதுவே. இயற்கை எரிவாயு என்பது பெரும்பாலும் மீதேன். அது சாதாரண அழுத்தத்தில் திரவமாகாது. ஆகவே வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தி, தடித்த சிலிண்டர்களில் அடைத்தே வாகனத்தில் கொண்டுசெல்ல வேண்டும். 2021இன் இறுதியில் சமையல் எரிவாயுச் சிலிண்டர் விபத்துகள் நாட்டையே அச்சுறுத்தியதை நினைத்து எவரும் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. மீதேன் காற்றிலும் இலேசானது. திறந்த வெளியில் கசிந்தால் மேலெழுந்து கலைந்துவிடும். சமையல் வாயுவோ நிலத்தோடு தேங்கி நிற்கும்.

பாரம் ஏற்றுவது ஒன்று, இழுப்பது வேறொன்று. முல்லைத்தீவுக் கரையில் படகைப் பின்னே பூட்டி மணலிலிருந்து வீதிக்கு ஏற்றும்போதும், வரட்சிக் காலத்தில் தண்ணீர்ப் பவுசரைக் குடியிருப்புகளுக்கு இழுத்துச் செல்லும்போதும், ஒட்டுசுட்டானின் உள்வீதிகளில் மாரிச் சேற்றில் நெல்மூடைப் பெட்டி புதையும்போதும் வேண்டப்படுவது வேகமன்று. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் திருப்புவிசை. இதில் டீசல் எஞ்சினுக்கு நிகரானது குறைவு. உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் டீசலையே நம்பியிருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

பெற்றோல் எஞ்சினை எரிவாயுவுக்கு மாற்றினால், உள்ளிழுக்கப்படும் காற்றின் இடத்தில் ஒரு பகுதியை வாயுவே பிடித்துக்கொள்கிறது. அதனால் வலு பத்திலொரு பங்கு அளவில் குறைகிறது. வெற்றுவண்டியில் இது தெரியாது. பின்னே பெட்டி பூட்டிய அன்றுதான் தெரியும். எரிவாயுவுக்கென்றே கூடிய அமுக்க விகிதத்துடன் வடிவமைக்கப்பட்ட எஞ்சின்கள் இக்குறையை ஈடுசெய்கின்றன என்பதையும் கூறியாகவேண்டும். டீசல் எஞ்சினை மாற்றுவதோ இலகுவன்று. மீதேன் அமுக்கத்தினால் மட்டும் தானாகத் தீப்பற்றாது. தீப்பொறிக்கட்டை பொருத்தவேண்டும், அல்லது சிறிதளவு டீசலையும் சேர்த்தே எரிக்கவேண்டும்.

இதனிலும் பெரிய சிக்கல் தாங்கியில் இருக்கிறது. ஒரே அளவு சக்தியைச் சேமிக்க, டீசல் தாங்கியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இடம் எரிவாயுவுக்குத் தேவை. 60 லீற்றர் டீசலுக்கு ஈடான வாயுவைக் கொண்டுசெல்ல, 60 லீற்றர் கொள்ளளவுடைய உருக்குச் சிலிண்டர்கள் நான்கைந்து வேண்டும். அவற்றின் வெற்று நிறை மட்டும் 300 கிலோ வரை வரும். நான்கு நெல்மூடைகளை இறக்கிவைத்துவிட்டு, அவ்விடத்தில் வெறும் இரும்பை ஏற்றுவதற்கு ஒப்பானது இது. அமெரிக்காவில் 2012 அளவில் பெரிய கம்பனிகள் தாமே எரிவாயு பிக்கப்புகளை விற்பனைக்கு விட்டபோதும், சிலிண்டர்கள் பின்தட்டின் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டன. வன்னியில் 'பட்டா' என்றே பெயர் நிலைத்துவிட்ட சிறுவாகனத்தின் பின்தட்டில் விட்டுக்கொடுக்க என்ன இடம் இருக்கிறது?

இவையெல்லாம் பொறியியலால் தீரக்கூடியவை. தீராதது, வாயு எங்கே நிரப்புவது என்பது. 2002இன் இறுதிக்குள் டில்லியின் பஸ்கள் அனைத்தும் எரிவாயுவுக்கு மாறியபோது, உச்ச நீதிமன்றத்தின் கட்டளையும் நகருக்கு வரும் குழாய்வழியும் அதற்குப் பின்னே நின்றன. அப்படியிருந்தும் நிரப்பு நிலையங்களில் வாகனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக்கிடந்தன. இலங்கையிலோ வாகனங்களுக்கு இயற்கை எரிவாயு நிரப்பும் வலையமைப்பு இல்லை. இந்நிலையில் இரு எரிபொருள் பிக்கப் ஒன்றை வாங்கிவந்து கிளிநொச்சியில் ஓட்டுபவர், வெற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு முழுநாளும் பெற்றோலில்தான் ஓடவேண்டியிருக்கும்.

எரிபொருள் வரும் வழி அடைபட்டால் என்னவாகும் என்பதை எமது மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 1990 முதல் 2002 ஜனவரியில் பொருளாதாரத் தடை தளர்த்தப்படும் வரை, அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னியில் பெற்றோலும் டீசலும் அரும்பொருள்களாயின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கியபடி மோட்டார் சைக்கிளும் காரும் ஓடிய காலம் அது. எஞ்சின்கள் கெட்டன, ஆனாலும் ஓடின. மாற்று எரிபொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே அதற்குக் காரணம். 2022இலும் கியூஆர் அட்டையுடன் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததும் கடற்றொழிலாளரின் படகுகள் கரையில் ஒதுங்கின.

வாயு எமக்கு அருகிலேயே இல்லாமலும் இல்லை. 2011 ஒக்ரோபரில் மன்னார்ப் படுகையின் 'டொராடோ' கிணற்றிலும், அடுத்து 'பராகுடா' கிணற்றிலும் கெயர்ன் நிறுவனம் இயற்கை எரிவாயுவைக் கண்டறிந்தது. 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழ்கடலின் அடியில் உள்ள அவ்வளத்தை மேலே கொண்டுவரும் செலவு பெரிது. அந்நிறுவனம் 2015இல் விலகிச் சென்றது. என்றேனும் அவ்வாயு கரையேறினாலும், முதற்பங்கைக் கேட்பவை மின்னிலையங்களாகவே இருக்கும். அதன் பிறகும், குழாய்வழி எட்டாத இந்திய ஊர்களில் நடப்பதுபோல், லொறிகளில் சிலிண்டர் அடுக்குகளை ஏற்றிவந்து வவுனியாவிலோ பரந்தனிலோ நிரப்பு நிலையம் ஒன்றை அமைக்க யாரேனும் முதலிட வேண்டும். வாகன விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வியும் அதுவே: எந்த ஊரில், எந்த நிலையத்தில், யார் வாயு நிரப்பித் தருவார்?