இழுவைக் கொக்கியில் இருக்கும் இயற்பியல்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுபவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்தில் பூட்டிய கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இன்று மாட்டின் இடத்துக்கு டிராக்டரும், நுகத்தடியின் இடத்துக்கு இரும்புக் கொக்கியும் வந்துவிட்டன. சுமை பல மடங்கு கூடிவிட்டது. ஆனால் விதி மாறவில்லை.

நான் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுவது கரும்பு விளையும் பகுதியில். மாணவர்கள் பலரின் வீட்டில் டிராக்டர் உண்டு. மற்றவர்களும் பாரம் ஏற்றிய டிரெய்லர்களை ஒட்டித்தான் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். பத்தாம் வகுப்பின் 'இயக்க விதிகள்' பாடத்துக்கு அந்தக் கொக்கியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். டிராக்டருக்குக் குதிரைத்திறன் அதிகம் என்பதால் மட்டும் பாரம் பத்திரமாக வந்து சேராது. பாரம் எங்கே இருக்கிறது, இணைப்பில் எந்த உறுப்பு பலவீனமானது என்ற இரண்டு கேள்விகளே அதைத் தீர்மானிக்கின்றன.

பாரம் எங்கே இருக்கிறது?

ஒற்றை அச்சுள்ள, இரு சக்கர டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். பெட்டியும் சுமையும் சேர்ந்து 4,000 கிலோ. கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். மொத்த எடையின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் இருந்தால், திருப்புத்திறன் தத்துவப்படி கொக்கியின் மேல் இறங்கும் எடை 4,000 × 0.3 ÷ 3 = 400 கிலோ. அதாவது பத்தில் ஒரு பங்கு. அதே சுமையை அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் தள்ளி ஏற்றினால், அதே 400 கிலோ அளவுக்குக் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்படும்.

கொக்கி தூக்கப்பட்டால் டிராக்டரின் பின்சக்கரங்கள் மீதான எடை குறைந்து, தரையில் பிடிமானம் குறையும். டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மாறாக, முன்பாரம் அளவுக்கு மீறினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. கார் இழுக்கும் சிறு டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொது வழக்கம். டிராக்டருக்கு அதன் கையேட்டில் உள்ள வரம்பே அளவு. முன்னச்சும் பின்னச்சும் உள்ள நான்கு சக்கர டிரெய்லரில் எடையை அச்சுகளே தாங்குவதால், கொக்கிக்கு வருவது பெரும்பாலும் இழுவிசை மட்டுமே.

எந்த உயரத்தில் இழுக்கிறோம்?

இழுவைக் கொக்கி டிராக்டரின் பின் அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். இழுவிசை 5,000 நியூட்டன் என்று கொள்வோம். தரையிலிருந்து 0.4 மீட்டர் உயரத்தில் இழுத்தால், பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைப் பொறுத்து டிராக்டரைப் பின்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் 2,000 நியூட்டன் மீட்டர். 0.8 மீட்டர் உயரத்தில் இழுத்தால் அது 4,000 ஆகிறது. சேற்றில் சிக்கிய டிரெய்லரை இழுக்கச் சங்கிலியை அச்சுக்கு மேலே மாட்டும்போது முன்சக்கரங்கள் எழும்பி டிராக்டர் பின்புறமாகக் கவிழ்வதற்கு இதுவே காரணம். ஓட்டுநர் தாவித் தப்பிக்கக்கூட நேரம் இருக்காது.

பின்னைப் பாருங்கள்

டன் கணக்கான சுமையையும் டிராக்டரையும் இணைப்பது கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு பின். அதன் வலிமை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25 மி.மீ. பின் தேய்ந்து 20 மி.மீ. ஆனால், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கும். வலிமையோ 400/625, அதாவது 64 சதவீதமாக இறங்கிவிடும். 'கொஞ்சம்தானே தேய்ந்திருக்கிறது' என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கே பதில்.

பின் ஒரே தகட்டில் மட்டும் நிற்காமல், மேலும் கீழும் இரு தகடுகளின் துளைகளில் ஊடுருவி நிற்பது நல்லது. அப்போது அது அறுபட வேண்டுமானால் இரண்டு இடங்களில் அறுபட வேண்டும். வளையும் வாய்ப்பும் குறைவு. பின் தொலைந்துவிட்டால் கட்டடக் கம்பித் துண்டைச் செருகிக்கொள்வது ஆபத்து. துளைக்குப் பொருந்தாமல் அது ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அடி. பின் மேலே எழும்பிக் கழலாமல் இருக்கப் பூட்டுக் கிளிப்பும் வேண்டும்.

வலுப்படுத்துவது எப்படி?

பட்டறையில் கூடுதலாக ஒரு தகட்டை வைத்து வெல்டிங் செய்துவிட்டால் கொக்கி வலுவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விசையைப் பல போல்ட்டுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் தகடும், மூலையில் வைக்கும் முக்கோணத் தகடும் உண்மையிலேயே உதவும். ஆனால் வெப்பப் பதப்படுத்திய பின்னையோ போல்ட்டையோ வெல்டிங் செய்தால், அந்தச் சூடே அதன் வலிமையைக் கெடுத்துவிடும். வளைந்த பின்னை நிமிர்த்தக்கூடாது, மாற்ற வேண்டும்.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறுபடாது என்றும், அதில் 80 சதவீதத்தைத் தாண்டினால் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்றும் பொருள். 4.6 என்றால் 400 நியூட்டன், 60 சதவீதம். எண் தெரியாத போல்ட்டை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கொக்கியை மட்டும் வலுப்படுத்தினால் பலவீனம் மறைவதில்லை, அடுத்த உறுப்புக்கு இடம்பெயர்கிறது. டிராக்டர், கொக்கி, பின், டிரெய்லர், டயர் ஆகியவற்றின் வரம்புகளில் எது மிகக் குறைவோ, அதுவே முழு வண்டியின் வரம்பு. இவற்றோடு, கொக்கியின் அடியில் குறுக்காகப் போட்ட இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் வேண்டும். பின் கழன்றாலும் டிரெய்லரின் முன்தண்டு தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.

பிரேக் பிடிக்கும்போது

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் டிராக்டர் 5 நொடியில் நிற்கிறது என்றால், எதிர்முடுக்கம் 2 மீ/வி². டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் 4,000 கிலோ டிரெய்லர் சுமார் 8,000 நியூட்டன் விசையுடன் கொக்கியை முன்னோக்கித் தள்ளும். நேர்சாலையில் சமாளித்துவிடலாம். வளைவிலோ இறக்கத்திலோ டிராக்டரும் டிரெய்லரும் பேனாக்கத்தி போல மடங்கிவிடும்.

வகுப்பறையில்

மீட்டர் அளவுகோலின் 50 செ.மீ. குறியின் கீழ் ஒரு பென்சிலை வையுங்கள். அதுதான் அச்சு. 0 முனையைச் சுருள்வில் தராசில் தொங்கவிடுங்கள். அதுதான் கொக்கி. 500 கிராம் எடையை 40 செ.மீ. குறியில் வைத்தால் தராசு 100 கிராம் காட்டும், 45-இல் வைத்தால் 50 கிராம். 60-க்கு நகர்த்தினால் முனை மேலே எழும்பும். தொடக்க வகுப்புகளுக்கு ஒரு தையல் நூலும் கல்லும் போதும். மெதுவாக இழுத்தால் கல் நகரும், வெடுக்கென்று இழுத்தால் நூல் அறும். தளர்ந்த பின் ஏன் ஆபத்து என்பது குழந்தைக்கு அங்கேயே புரிந்துவிடும்.

உண்மையான கொக்கியைக் காட்ட விரும்பினால், எஞ்சின் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்த வண்டியைப் பெரியவர் ஒருவர் உடனிருக்க மட்டுமே காட்டுங்கள். ஓடும் டிரெய்லரிலிருந்து கரும்பு உருவக்கூடாது, கொக்கித் தண்டில் உட்காரக்கூடாது, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே புகக்கூடாது என்ற மூன்றையும் கணக்கோடு சேர்த்தே சொல்லுங்கள். 'போகாதே' என்ற கட்டளையை மறந்துவிடும் மாணவன், 64 சதவீதத்தைத் தானே கணக்கிட்டுப் பார்த்திருந்தால், வீட்டில் அப்பாவிடம் பின்னை மாற்றச் சொல்வான்.