வலிக்காமல் வரும் வினை: உயர் இரத்த அழுத்தம்

என் அண்ணன் தலைவலி என்று ஒருநாளும் படுத்தவர் அல்லர். மும்பையில் இருவருமாகப் பாத்திரக்கடை நடத்தினோம். 2003-ல் ஒரு காலை, கல்லாவில் பில் எழுதிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பேனா நழுவியது, வாய் கோணிற்று. மருத்துவமனையில் அளந்தபோது 210/120. "எத்தனை வருஷமா பி.பி. இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அதுவரை அளந்ததே கிடையாது. அன்றுமுதல் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

இரண்டு எண்கள்

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கையில் உள்ளது கீழ் எண். 120/80-க்குள் இருப்பது நல்லது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140, அல்லது கீழ் எண் 90, அதற்கு மேலும் இருந்தால் அது நோய். கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலியரான ரீவா ரோச்சி 1896-ல் தந்தார். ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் பிரித்தறியும் வழியை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-ல் சொன்னார்.

என்ன கெடும்?

ஓயாத அழுத்தத்தால் குழாய்கள் தடித்து விறைக்கின்றன. மூளையில் அடைப்போ கசிவோ வந்தால் பக்கவாதம். கூடுதல் பாரம் இழுத்து இதயம் தடித்துப் பின் தளரும், மாரடைப்பும் வரும். சிறுநீரக வடிகட்டிகளும் விழித்திரையும் பழுதாகும். இத்தனையும் பெரும்பாலும் வலியின்றியே நடக்கும்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945-ல் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அழுத்தம் மிகுந்திருப்பது தெரிந்தும் அன்று தக்க மருந்தில்லை. சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைத் தணிப்பதை 1949-ல் உலக மருத்துவர்களுக்கு எழுதிக் காட்டியவர் நம் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல். இன்று அதைவிட நல்ல மாத்திரைகள் உள்ளன. வேரை நாமாக அரைத்துக் குடிக்க வேண்டாம்.

நாம் செய்யவேண்டியது

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊரிலிருந்து பார்சலில் வரும் ஊறுகாய், அப்பளம், வடாம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நடை வேண்டும், புகையிலை ஆகாது.

மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது. எனக்கும் அழுத்தம் உண்டு. பொழுது சாய்ந்தபின் எதுவும் உண்ணாத வழக்கத்தால் இரவு மாத்திரையைச் சொல்லாமலே விட்டு வந்தேன். டாக்டர் கோபித்தார். "சொல்லியிருந்தா காலையிலேயே குடுத்திருப்பேனே?" என்று மாற்றிக் கொடுத்தார். விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளக்குமுன் அரை மணி நேரம் காபி வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், பேச வேண்டாம்.

அண்ணன் பிறகு ஆறு வருடம் இருந்தார். இடது கையால் கையெழுத்துப் பழகினார். தினமும் இரவு பைசா பிசகாமல் கடைக் கணக்கு முடித்த எங்களுக்கு, அந்த இரண்டு எண்களைப் பார்க்கத் தோன்றவில்லை. இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது, அப்பா அம்மா கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேளுங்கள். நீங்களும் அளந்துகொள்ளுங்கள்.