அட்டையை வாசிக்கும் கருவி

“உங்கட அட்டையை மெசின் எடுக்குதில்லை, நாளைக்கு வாங்கோ” என்று பங்கீட்டு மேசையில் ஒருவர் சொன்னால் நாம் பேசாமல் திரும்பி விடுகிறோம். கணனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறோம். அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதை விளங்கிக் கொள்வது நல்லது.

அட்டையிலுள்ள கறுப்புக் கோடுகளில் பெரும்பாலும் ஓர் இலக்கம் மட்டுமே உண்டு. கருவி ஒளியைப் பாய்ச்சி, கோடுகளின் அகலத்தைக் கொண்டு அவ்விலக்கத்தை அறிகிறது. எமது பெயரும் குடும்ப விபரமும் இருப்பது கணனியிலுள்ள பதிவேட்டில்.

வேடிக்கை என்னவென்றால், யூ.எஸ்.பி. வடத்தால் பூட்டப்படும் இக்கருவிகளில் அநேகமானவை கணனிக்குத் தம்மை ஒரு விசைப்பலகை என்றே காட்டிக் கொள்கின்றன. யாரோ மிக வேகமாக இலக்கங்களைத் தட்டி, முடிவில் ‘என்டர்’ விசையை அழுத்தியதாகவே கணனி எண்ணுகிறது. ஆகவே திரையில் எந்தக் கட்டம் திறந்திருக்கிறதோ அதற்குள் இலக்கம் போய் விழும். பெயருக்குரிய கட்டத்தில் விழுந்தால், அப்படி ஒருவர் இல்லை என்றே பதில் வரும். இன்னொன்று: கருவி எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை என்பதையே அனுப்புகிறது. அலுவலர் தமிழில் பெயர் பதிந்துவிட்டு மாற்ற மறந்திருந்தால், இலக்கத்தின் முன்னுள்ள ஆங்கில எழுத்து தமிழ் எழுத்தாகிவிடும். இரண்டிலும் அட்டையில் பிழையில்லை.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையில் இதற்கு வழியுண்டு. கணனி படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்கட்டும். பூட்டப்படும் ஒவ்வொரு கருவிக்கும் லினக்ஸ் தனி வாசல் வைக்கிறது. செய்நிரல் வாசிப்புக் கருவியின் வாசலை மட்டும் திறந்து, அதைத் தன்வசப்படுத்தலாம். வரம்பு கட்டி ஒரே பாத்திக்குத் தண்ணீர் விடுவது போன்றது இது. வரும் விசைக் குறிகளைச் செய்நிரலே எழுத்தாகவும் இலக்கமாகவும் மாற்றி, ‘என்டர்’ வரும்வரை சேர்த்துப் பதிவேட்டில் தேடும். திரையில் எது திறந்திருந்தாலும் பாதிப்பில்லை. வடத்தைக் கழற்றிப் பூட்டினால் வாசலின் எண் மாறக்கூடும். எனவே கருவியின் அடையாளத்தைக் கொண்டே அதைத் தேட வேண்டும். வாசலைத் திறக்கும் அனுமதியும் செய்நிரலுக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இலக்கத்தைக் கையால் பதிய ஒரு கட்டமும் கட்டாயம் இருக்க வேண்டும். கருவி செய்வது விசைப்பலகையின் வேலை என்றால், விசைப்பலகையாலும் அதைச் செய்யலாந்தானே! மழையில் நனைந்தோ மடிப்பில் தேய்ந்தோ கோடுகள் அழிந்தாலும், கீழே அச்சிட்ட இலக்கம் போதும். “இந்த இலக்கத்தைத் தட்டிப் பாருங்கோ” என்று கேட்க நாம் கூச வேண்டியதில்லை. அட்டை கிடைத்த அன்றே இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முன்னாலுள்ள பூச்சியங்களையும் விடாமல் எழுதுங்கள். சில பதிவேடுகளுக்கு 0047 வேறு, 47 வேறு.