ஸ்ரீபெரும்புதூரில் கொரியச் சாப்பாடு: ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுக்கணும்?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கொரிய எழுத்துப் பலகைகள் கண்ணில் படும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. கொரியப் பொறியாளர்கள் வந்தார்கள். அவர்களுக்காக உணவகங்களும் வந்தன. இப்போ நம்ம ஆட்களும் போறாங்க.

கிண்ணம் கிண்ணமா வைக்கிறாங்களே, பில் எகிறுமா?
அதற்குப் பெயர் பஞ்சன். நம்ம ஊர் கூட்டு, பொரியல் மாதிரிதான். சாப்பாட்டோடு சேர்ந்தது, தனிக் காசு வாங்குவது கொரிய வழக்கம் இல்லை.

கிம்ச்சி சைவமா?
முட்டைக்கோஸ்தானேன்னு நினைச்சுடாதீங்க. பெரும்பாலும் மீன் சாஸ் அல்லது உப்பிட்ட இறால் சேர்ப்பார்கள். கிம்ச்சி குழம்பில் பன்றி இறைச்சி சேர்ப்பதும் வழக்கம். சைவர்களும், இறால் அலர்ஜி உள்ளவர்களும் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும்.

சோஜு கிடைக்குமா?
இந்தக் கொரிய மது வைனைவிடக் கொஞ்சம் காட்டம். தமிழகத்தில் 2003 முதல் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். பார் உரிமம் இல்லாத உணவகம் மது பரிமாற முடியாது. பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் அங்கே குடிப்பதும் சிக்கல்தான். கடைக்காரரும் சேர்ந்து மாட்டுவார். பேசாம வறுத்த பார்லி டீ இருக்கான்னு கேளுங்க. கொரியர்களே சாப்பாட்டோடு குடிப்பது அதுதான்.