வளையம் வைத்த திகதி மறக்கக்கூடாது

"கீழே ஏதோ இறங்கி வாற மாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொன்னால், அது கருப்பை இறக்கமாக இருக்கலாம். பல பிள்ளைப்பேறு, மாதவிடாய் நின்ற வயது, நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குதல் எல்லாம் இடுப்பின் அடித் தசைகளைத் தளர்த்துகின்றன. அப்போது கருப்பையோ சிறுநீர்ப்பையோ மலக்குடலோ பிறப்புறுப்புக்குள் சரிகிறது. சத்திரசிகிச்சையை விரும்பாதவர்களுக்கும், உடல் அதைத் தாங்காதவர்களுக்கும் வைத்தியர் உள்ளே ஒரு வளையம் வைப்பார். சரிந்த உறுப்பை அது தாங்கி நிற்கும்.

அளவு பொருந்தினால், உள்ளே வளையம் இருப்பதே தெரியாது. அதனால்தான் பலர் அதை மறந்தும் போகிறார்கள்.

என்ன தொந்தரவுகள் வரும்?

வெள்ளைபடுதல் கூடலாம், மணக்கலாம். வளையம் சிறிதானால் முக்கும்போது கழன்று விழும். பெரிதானால் நோகும், சிறுநீர் போவதும் தடைப்படலாம். சிலருக்கு இருமும்போது புதிதாகச் சிறுநீர் கசியும். சரிவினால் மடிந்திருந்த சிறுநீர்வழி நிமிர்வதே இதற்குக் காரணம். அளவையோ வகையையோ மாற்றினால் இவற்றில் பல தீரும்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து உட்தோல் மெலிகிறது. வளையம் ஒரே இடத்தில் உரச, அங்கே புண் வந்து இரத்தம் கசியலாம். சில வாரங்கள் வளையத்தை எடுத்துவிட்டு, வைத்தியர் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பைப் பூசினால் பெரும்பாலும் ஆறிவிடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் விட்டால் சதை வளர்ந்து வளையத்தை மூடலாம். பிறகு அதை எடுப்பதற்கே மயக்க மருந்து தேவைப்படலாம். மிக அரிதாக, சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ துளை விழும்.

நாம் செய்ய வேண்டியது

வைத்த திகதியையும் அடுத்துக் காட்ட வேண்டிய திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பொதுவாக 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வளையத்தைக் கழற்றிக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தம், துர்நாற்றம், வலி, காய்ச்சல், சிறுநீர் போகாமை இருந்தால் திகதிக்குக் காத்திராதீர்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் ஒன்றுக்கோ போங்கள். வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். மானிப்பாயில் வைத்தியம் பார்த்த சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரசவ மருத்துவ நூலைத் தமிழில் தந்தார். பெண்ணின் உடலைப் பற்றித் தமிழில் பேசுவது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல.

பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, எத்தனையோ அம்மாமார் இங்கே தனியே இருக்கிறார்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, பிரஷர் குளிசை போட்டாச்சோ என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "அம்மா, வளையம் கடைசியாய் எப்ப கழட்டிக் கழுவினது?"